பூக்காத மாதங்களுக்கான செடிகள்

பழந்தமிழ் இலக்கணம் ஓராண்டை இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது: ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். தமிழ்நாட்டுச் சமவெளியில் பூஞ்செடிகளைத் தேர்ந்து நட்டு வளர்க்கும் தொழிலில் இருப்போருக்கு இப்பகுப்பு இன்றும் உதவுகிறது. மழை எந்த மாதத்தில் வருகிறது, நின்றபின் மண் எப்போது காய்கிறது, பகற்பொழுது எப்போது நீண்டு எப்போது குறுகுகிறது என்பவற்றைக் கொண்டே இங்குச் செடிகள் பூக்கும் காலத்தையும் ஓயும் காலத்தையும் கணிக்க முடிகிறது. குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் பனிக்காலத்தில் செடிகள் இலையுதிர்த்து உறங்குவதை அடிப்படையாக வைத்து, அந்த உறக்கத்தை ஈடுசெய்யும் செடிகளைப் பரிந்துரைக்கின்றன. அந்நூல்களின் அட்டவணைகளை அப்படியே இங்குக் கொண்டுவந்து நடும்போது தோட்டம் மார்கழியில் செழித்து வைகாசியில் வாடிப்போகிறது, ஏனெனில் சமவெளிச் செடிகளுக்கு உண்மையான சோதனைக்காலம் கத்திரி வெயில் காயும் மே மாதமே.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் 60 விழுக்காட்டுக்கும் மேலானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. கோயம்புத்தூரில் ஆண்டு மழையே ஏறத்தாழ அதில் பாதிதான். ஆகவே ஒரு தோட்டம் மூன்று மாதம் வேர் நனைந்து நிற்கவும், அதன்பின் ஐந்தாறு மாதம் பாய்ச்சும் நீரை மட்டுமே நம்பி வாழவும் வேண்டியிருக்கிறது. இவ்விரு நிலைகளும் இரண்டு வெற்றிடங்களை உண்டாக்குகின்றன: ஒன்று மே மாதம் 4-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28-ஆம் நாள்வரை நீளும் கத்திரிக் காலம், மற்றொன்று வெயிலின்றி மண் ஊறிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். ஆண்டு முழுவதும் ஏதேனுமொரு பூ கண்ணில் படும்படி தோட்டம் அமைய வேண்டுமானால் இவ்விரு காலங்களுக்கும் உரிய செடிகளை முதலில் முடிவு செய்து, எஞ்சிய இடத்தை மற்றவற்றுக்குத் தருவதே சரியான வரிசை என்பது இத்தொழிலில் பழகியோர் பலரும் பட்டறிந்து வந்து சேரும் முடிவு.

நடைமுறையில் இது தலைகீழாகவே நிகழ்கிறது. வீடு கட்டி முடித்தவர்கள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் குடிபுகுந்து, அந்த வாரமே நர்சரிக்குச் சென்று, அங்கே பூத்திருக்கும் செடிகளை வாங்கிவருகின்றனர். நர்சரிக்காரர்களும் பூத்த செடியையே முன்வரிசையில் அடுக்குவர். பூக்காத செடியைக் காட்டி விற்பது கடினம் என்பதால் அதைக் குறைசொல்லவும் இயலாது. ஆனால் ஒரே வாரத்தில் பூத்திருந்த செடிகளை மட்டும் நட்ட தோட்டம், மறு ஆண்டும் அதே வாரத்தில் ஒன்றாகப் பூத்து ஒன்றாக ஓயும். செடி வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி அது எப்போது பூக்கும் என்பதைவிட, எந்த மாதங்களில் வெறும் இலையாகவோ குச்சியாகவோ நிற்கும் என்பதே. அந்த விடையைக் கேட்டறிந்து மாதவாரியாக எழுதிவைத்தால் வெற்றிடங்கள் தாமே புலப்படும்.

இங்குப் பேசப்படும் செடிகள் இரு வகையின. புதர்ச்செடி என்பது அடியிலிருந்தே பல கிளைகள் பிரிந்து, தண்டு கட்டையாக முற்றி, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது. செம்பருத்தி, அரளி, வெட்சி போன்றவை இதில் அடங்கும். பல்லாண்டுச் செடி என்பது தண்டு அவ்வாறு கட்டையாகாமல், கிழங்கினாலோ தூரினாலோ பக்கக்கன்றுகளாலோ ஆண்டுதோறும் மீண்டு தழைப்பது. கல்வாழை, நிலச்சம்பங்கி, செங்காந்தள் ஆகியவை இவ்வகை. கனகாம்பரமும் நித்தியகல்யாணியும் இரண்டுக்கும் இடைப்பட்டவை. சில ஆண்டுகள் நிற்குமெனினும் மூன்றாம் ஆண்டுக்குமேல் பூ குறைந்து குச்சியாகிவிடுவதால், புதுக் கன்றுகளை இடையிடையே வைத்துக்கொண்டே வர வேண்டும்.

ஆண்டு முழுவதும் பூக்கும் என்று விற்கப்படும் செடிகள் இடைவிடாமல் பூப்பதில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, வெட்சி, கனகாம்பரம் ஆகியவை புதுத் தளிர் விடும்போதெல்லாம் பூப்பவை; தளிர் நின்றால் பூவும் நிற்கும். செம்பருத்திப் பூ ஒரு நாளே வாழ்வது; நாள்தோறும் பூ வேண்டுமெனில் செடி நாள்தோறும் புது மொட்டு வைக்க வேண்டும், அதற்கு வளரும் நுனிகள் பல இருந்தாக வேண்டும். மழை முடிந்து மாசியில் செம்பருத்தியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்டுவது, அதாவது கவாத்து செய்வது, இதனால்தான். கலப்பினச் செம்பருத்திகள் கையகலப் பூக்களோடு கண்ணைப் பறித்தாலும், மாவுப்பூச்சிக்கும் உப்புத் தண்ணீருக்கும் எளிதில் தோற்றுவிடுகின்றன. ஐந்திதழ்ச் சிவப்பு நாட்டுச் செம்பருத்தி அவற்றைத் தாங்கி நின்று பல ஆண்டுகள் பூப்பதால், இடம் ஒன்றே உள்ள வீட்டுக்கு நாட்டு இரகமே பரிந்துரைக்கத் தக்கது. நந்தியாவட்டைக்கு அத்தகைய இடர்கள் குறைவு. அரை நிழலிலும் அது தழைக்கும்; கரும்பச்சை இலைமேல் வெள்ளைப் பூ எப்போதும் சிலவேனும் இருக்கும்; ஒற்றையடுக்குப் பூ உள்ளதும் அடுக்கு நந்தியாவட்டையும் சமமாக உழைப்பவை. தோட்டத்தின் பின்னணிக்கு ஒரே ஒரு செடியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நந்தியாவட்டையைத் தேர்வதில் தவறு நேராது.

வெட்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இட்லிப்பூ என்று சென்னைப் பக்கம் வழங்கும் இச்செடி அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அலுவலக வளாகங்களிலும் வேலிச்செடியாக மிகுதியாக நடப்படுகிறது. ஆனால் அவ்விடங்களில் பெரும்பாலும் அது பூப்பதே இல்லை. காரணம் எளிது. வெட்சியின் பூங்கொத்து கிளையின் நுனியில் மட்டுமே உருவாவது; நுனி முற்றி மொட்டு வைப்பதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். வேலி நேர்கோட்டில் இருக்க வேண்டுமென்று மாதந்தோறும் பெரிய கத்தரியால் மேற்பரப்பைச் சீவும்போது, மொட்டு வைத்த நுனிகளும் வைக்கவிருந்த நுனிகளும் ஒருங்கே குப்பைக்குப் போகின்றன. இக்காட்சி நகரெங்கும் காணப்படுவது. பூப்பதற்காக வாங்கி, நீரும் உரமும் கூலியும் செலவிட்டு, பூக்கவிடாமல் செய்வது மிகவும் வருந்தத்தக்கது. வெட்சியை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், பெரிய சுற்றுப் பூ முடிந்தபின், உதிர்ந்த கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டுக் கைக்கத்தரியால் வெட்டினால் போதும். அதன் ஒவ்வொரு கொத்தும் வாரக்கணக்கில் நிற்பதால் பூவில்லாத நாள் குறைந்துவிடும். நேர்கோட்டு வேலிதான் தேவையெனில், வெட்டினாலும் அழகு கெடாத இலைச்செடி ஒன்றை வைப்பதே முறை.

வெட்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் அதன் வேர் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல், இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற பகுதி மஞ்சளாக வெளுக்கும். புதிதாகக் கட்டிய வீடுகளின் சுவரோரம் சிமென்டுக் கலவையும் செங்கல் உடைசலும் புதைந்திருப்பதால் அங்கே நட்ட வெட்சி மிக விரைவில் இந்நிலையை அடைகிறது. அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் இரும்பு சல்பேட்டை லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாதம் ஒருமுறை இலைகளில் தெளித்துவர, வெளுப்பு மாறும். மல்லிகைக்கும் இதே தீர்வு பொருந்தும். எனினும் நடும்போதே இரண்டு அடி ஆழத்துக்குக் கட்டட உடைசலை அள்ளி அப்புறப்படுத்திவிட்டுச் செம்மண் நிரப்புவது அதைக் காட்டிலும் நிலையான பயன் தரும்.

கனகாம்பரத்துக்கு மணமில்லை எனினும் நிறத்திலும் உழைப்பிலும் அதற்கு இணை சிலவே. டெல்லிக் கனகாம்பரம் என்ற செம்மஞ்சள் இரகம் பூப்பந்தலுக்கும் தலைக்கும் பெயர்பெற்றது. இதன் பகை கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. அது வேரில் முடிச்சுகளை உண்டாக்கிச் செடியை நோயாளியாக்கும். பாத்தியில் துலுக்கச் சாமந்தியைக் கலந்து நடுவதும், வேப்பம்புண்ணாக்கு இடுவதும் நூற்புழுவைக் கட்டுப்படுத்த உழவர்கள் கையாளும் வழிகள்.

பகலின் நீளத்தை அளந்து பூக்கும் செடிகள் தனியொரு கூட்டம். இரவு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீண்டால்தான் இவை மொட்டு வைக்கும் என்பதால் குறும்பகல் தாவரங்கள் எனப்படுகின்றன. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாட்டையும் சாமந்தியும் பாயின்செட்டியாவும் பிசகாமல் உணர்கின்றன. ஆனி, ஆடியில் பக்கக்கன்றைப் பிரித்து நட்டு, ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ளிவிட்ட சாமந்தி, கார்த்திகையிலிருந்து தைவரை பூக்கிறது. இச்செடிகளைத் தெருவிளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தால், இரவை அவை பகலென்று கணக்கிட்டு மொட்டு வைப்பதை ஒத்திப்போடும். ஓசூர்ப் பகுதியில் சாமந்தி வயல்களில் இரவில் மின்விளக்குகளை எரியவிட்டு, பூக்கும் காலத்தைச் சந்தைக்கேற்பத் தள்ளிவைப்பது இவ்வியல்பைப் பயன்படுத்தியே. வீட்டுத் தோட்டத்தில் வாயில் விளக்கடியில் பாயின்செட்டியாத் தொட்டியை அழகுக்காக வைத்துவிட்டு, டிசம்பரில் ஏன் சிவக்கவில்லை என்று கேட்போர் தொட்டியை அக்டோபரிலேயே இருளான மூலைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

இக்கூதிர், முன்பனிக் காலத்தின் அரசி என்று சொல்லத் தக்கது டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெள்ளையில் ஊதாக் கோடு என வெவ்வேறு நிறங்களில் பூக்கும் இச்செடி, மற்றப் பூக்கள் மழையில் அழுகி உதிரும் வேளையில் மொட்டு வைத்து, மார்கழி முழுவதும் செடி தெரியாமல் பூத்து நிற்கும். அரை நிழலும் தரக்குறைவான மண்ணும் அதற்குப் போதும். பூ முடிந்ததும் மாசியில் ஓரடி விட்டு வெட்டிவிட்டால் மறு ஆண்டு புதராகத் தழைக்கும். வெட்டாமல் விட்டால் குச்சியாய் நீண்டு, விதைகள் வெடித்துச் சிதறித் தோட்டமெங்கும் முளைக்கும். பெரிய நர்சரிகளில் இதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஓர் அண்டை வீட்டிலிருந்து போத்து, அதாவது நட்டு வேர்பிடிக்க வைக்கும் தண்டுத்துண்டு, பெற்று வருவதே வழி. விலையில்லாததால் மதிப்பில்லாமல் போன செடிகளுள் இதுவும் ஒன்று. இதே காலத்தில் மஞ்சள் நிறத்துக்கு ஆவாரையைச் சேர்க்கலாம். பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும் பூவாக அது தமிழர் இல்லங்களில் பழகியது, வறண்ட செம்மண்ணிலும் நீர் கேளாமல் வாழ்வது.

பனி விலகியதும் காகிதப்பூவின் காலம் தொடங்குகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இச்செடியில் நிறமாகத் தோன்றுவது பூவன்று. நடுவிலுள்ள சிறிய வெள்ளைக் குழல்களே பூ, அவற்றைச் சூழ்ந்திருப்பவை நிறமேறிய பூவடிச் செதில்கள். இச்செதில்கள் மெல்லிய காகிதம்போல் வாரக்கணக்கில் உதிராமல் நிற்பதால், கோடைக்கு இதைவிட நிலைத்த நிறம் தரும் செடி இல்லை. காகிதப்பூ பூக்கவில்லை என்று வரும் முறையீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நீர் மிகுதியே. நாள்தோறும் நீர் பெறும் காகிதப்பூ கொடிபோல் முள்ளும் இலையுமாக ஓடும்; மழை நின்றபின் மார்கழி இறுதியில் நீண்ட கிளைகளை வெட்டிவிட்டு, இலை சற்றே துவளும்வரை நீரை நிறுத்திப் பின் பாய்ச்சினால், புதுக்கிளை நுனிகளில் நிறம் ஏறும். புல்தரைக்கும் காகிதப்பூவுக்கும் ஒரே நீர்க்குழாயை இணைப்பது ஆகாது. நீர் வேண்டுபவை ஒரு பாத்தியிலும் நீர் வேண்டாதவை வேறொரு பாத்தியிலுமாகப் பிரித்து நடுவதே தோட்ட அமைப்பின் அடிப்படை வேலை.

கத்திரியில் பூப்பவற்றுள் முதலிடம் மல்லிகைக்கே. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கன்றுகள் பெரும்பாலும் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தின் மணற்பாங்கான நிலத்தில் பதியன் வைத்து உருவாக்கப்படுகின்றன. பதியன் என்பது தாய்ச்செடியின் கிளையை வெட்டாமல் வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்யும் முறை. குண்டுமல்லியை நவம்பர் இறுதி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டு, காய்ந்த கிளைகளை நீக்கி, தொழுவுரம் இட்டால், மார்ச் முதல் ஜூலை வரை பூக்கும் என்பது வேளாண் பல்கலைக்கழகம் கூறும் முறையும் உழவர்கள் கையாளும் முறையுமாகும். வீடுகளில் இக்கவாத்துக்கு மனம் ஒப்புவதில்லை. நன்றாக இருக்கும் செடியை முட்டளவுக்கு வெட்டுவது கொடுமையெனத் தோன்றி விட்டுவிடுகின்றனர். செடி தலைக்குமேல் வளர்ந்து, அடியில் குச்சியாகி, நுனியில் நாலு பூ பூக்கிறது. மல்லிகை ஓயத் தொடங்கும் வேளையில் முல்லையும், அதைத் தொடர்ந்து மழைக்காலம்வரை பிச்சி எனவும் சாதிமல்லி எனவும் வழங்கும் கொடியும் பூப்பதால், மூன்றுக்கும் இடம் உள்ள வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி மணம் நிற்கும். முல்லையைக் கவாத்து செய்யும் காலம் ஜனவரி இறுதி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடுவது மூன்றையும் தனித்தனியே நட்டதன் பயனைக் குறைக்கும்.

கோடைக்கு மணத்தோடு நிறமும் வேண்டுமானால் அரளியும் மயில்கொன்றையும் உள்ளன. சேலம் மாவட்டத்தில் வயல்வயலாகப் பயிரிடப்படும் அரளி, உப்புநீரையும் அனல்காற்றையும் தாங்கி, வெயில் ஏற ஏறப் பூப்பது. கடற்கரை வீடுகளுக்கு இதைவிட நம்பத்தக்க செடி சொல்வதற்கில்லை. ஆனால் இலை, தண்டு, பூ, வேர் அனைத்தும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் ஆடுமாடு வாய்வைக்கும் ஓரத்திலும் அதை வைக்கலாகாது, வெட்டிய கிளைகளை எரிக்கவும் கூடாது. கள்ளிமந்தாரை பனியில் இலையுதிர்த்து வெறும் கொம்பாக நின்று, வேனிலில் இலைக்கு முன்பே பூத்துவிடும். அந்த வெறுங்கொம்பும் வெண்சுவர் ஒன்றின் முன்னால் நின்றால் பார்க்கத் தக்க வடிவமே. களாச்செடி நகரத் தோட்டங்களில் மறக்கப்பட்டது. மாசி, பங்குனியில் மல்லிகைபோன்ற வெள்ளைப் பூ, கோடையில் வெண்மையும் சிவப்பும் கலந்த காய், ஊறுகாய்க்குரிய பழம், ஆள் புகமுடியாத முள்வேலி என ஒரே செடி இரு பருவங்களுக்கு உழைப்பதால், பூவை மட்டும் தரும் செடிகளுக்கு முன்னுரிமை தருவோர் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மழைக்காலச் செடிகளைத் தேர்வதில் இரண்டு செய்திகள் முக்கியம்: வேரடியில் நீர் தேங்காமை, கிழங்குகளின் உறக்கம். பவழமல்லி ஆவணியில் தொடங்கி மார்கழிவரை இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வது. உதிர்ந்த பூவின் அழகுக்காகவே நடப்படும் இதை, சேறாகும் மண்ணில் வைக்காமல், கல் பாவிய முற்றத்தின் ஓரத்திலோ மணல் பரப்பிய திட்டிலோ வைக்க வேண்டும்; வேரடியில் நீர் நின்றால் ஓராண்டில் பட்டுவிடும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் முதல் மழைக்குக் கிழங்கிலிருந்து முளைத்து, இலைநுனிகளையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி அருகிலுள்ள செடிமேல் ஏறி, பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து சில நாள்களில் முழுச் சிவப்பாக மாறும் பூக்களைத் தருவது. மழை முடிந்ததும் தண்டு காய்ந்து மடிந்து, கிழங்கு மண்ணுக்குள் ஆறு மாதம் உறங்கும். அந்த ஆறு மாதத்தில் அவ்விடம் வெற்றிடமென்று எண்ணித் தோண்டிவிடும் பணியாளர்களால் அழிந்த கிழங்குகள் மிகப் பல. ஓர் அடையாளக் குச்சி நட்டுவைப்பது அவசியம். இக்கிழங்கும் கொடிய நஞ்சு என்பதால், உண்ணும் கிழங்குகள் பயிரிடும் பாத்தியில் அதை வைக்கவே கூடாது. செங்காந்தளைக் காகிதப்பூவின் காலடியில் நடுவது நல்ல இணைப்பு: ஒன்று இலையாக ஓய்ந்திருக்கும் மழைக்காலத்தில் மற்றது அதன் கிளைமேல் ஏறிப் பூக்கும், ஒன்று நீரின்றி நிறமேறும் கோடையில் மற்றது நீர் வேண்டாமல் உறங்கும். ரெயின் லில்லி என விற்கப்படும் சிறு கிழங்குச்செடியைப் பாதையோரங்களில் நெருக்கி நட்டால், ஒவ்வொரு நல்ல மழைக்கும் சில நாள்களில் பூத்தெழும்.

செடியைத் தேர்வதோடு சுவரையும் சூரியனையும் கணக்கிடுவது இன்றைய குறுகிய மனைகளில் தவிர்க்க முடியாதது. சென்னை வட அட்சரேகை 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதிவரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பரில் அது தெற்கே வெகுவாகச் சரிந்துவிடுகிறது. பத்தடி உயரச் சுவர் டிசம்பர் நண்பகலில் தன் வடபுறம் ஏழடிக்கும் கூடுதலாக நிழல் வீழ்த்தும். அதே வடபுறம் மே, ஜூன் மாதங்களில் வெயிலில் வேகும். ஆகவே வீட்டின் வடபுறப் பாத்தி கோடையில் வெயிலும் பனிக்காலத்தில் நிழலும் பெறுவது. அங்கே நந்தியாவட்டையும் நிழல் தாங்கும் டிசம்பர் பூவும் பொருந்தும், கோடையில் பூக்கும் குண்டுமல்லியும் பொருந்தும். தென்புறப் பாத்தி பனிக்காலத்தில் நாள் முழுதும் வெயில் பெறுவதால் சாமந்தி, காகிதப்பூ, ஆவாரை ஆகியவற்றுக்கு உரியது. வெயிற்செடி என்றும் நிழற்செடி என்றும் நர்சரிகளில் ஒட்டப்படும் சீட்டுகள் இந்த மாற்றத்தைச் சொல்வதில்லை. ஒரே இடம் ஆறு மாதம் வெயிலாகவும் ஆறு மாதம் நிழலாகவும் இருக்கக்கூடும்.

மலைநகரங்களிலிருந்து செடி கொண்டுவரும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மே மாதத்தில் உதகைக்குச் செல்வோர் அங்கே ஹைட்ரேஞ்சியா, ஃபூசியா முதலியவற்றைக் கண்டு மயங்கி வாங்கிவருகின்றனர். குளிர்ந்த இரவும் புளிப்பு மண்ணும் வேண்டும் அச்செடிகளைக் கத்திரியின் நடுவில் சமவெளியில் இறக்குவது அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாகும். இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு: எங்கும் தழைக்கும், எப்போதும் பூக்கும், எந்தக் கவனிப்பும் வேண்டாதது என்று புகழப்படும் அயல்நாட்டுச் செடியை ஐயத்தோடு பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடி, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் அடித்தளத்தை மூடி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை வளரவிடாமல் நிற்கிறது. காட்டையொட்டிய ஊர்களில் இதன் அழகு இரகங்களையும் நடாதிருப்பதே பொறுப்பான செயல்.

நடும் இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. நர்சரியில் ஓரடி உயரமுள்ள செம்பருத்தி மூன்றாண்டில் ஐந்தடி அகலம் கேட்கும். அரளி ஆறடி, காகிதப்பூ எட்டடி, வெட்சி இரண்டரை அடி கேட்கும். முதலாண்டில் தோட்டம் வெறுமையாகத் தெரிவதற்கு அஞ்சி நெருக்கி நட்டால் காற்றோட்டம் குன்றி மாவுப்பூச்சி பெருகும். இடைவெளியை நித்தியகல்யாணியாலும் கனகாம்பரத்தாலும் நிரப்பி, பெரியவை விரியும்போது அவற்றை அகற்றிக்கொள்வது நன்று. குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் இருக்க வேண்டும்; மேல்மண்ணோடு தொழுவுரமும் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி, நட்டபின் காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டால் கோடையில் பாய்ச்சும் நீர் பாதியாகக் குறையும்.

சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும், கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவும் முதிர்ந்த செடிகளை நேரில் பார்ப்பதற்கு உரிய இடங்கள். அங்கே மலர்க் கண்காட்சி நாள்களில் மட்டும் செல்லாமல், மே மாத நடுவில் ஒருமுறையும் நவம்பர் அடைமழைக்கு இடையில் ஒருமுறையும் சென்று, அவ்வேளைகளில் எவை பூத்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். புதிதாகத் தோட்டம் அமைப்போர் அக்குறிப்பிலுள்ள செடிகளை முதலில் வாங்கி, ஆடியில் குழியெடுத்து, ஆவணிக்குள் நட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர்பிடித்த செடி, அடுத்த கத்திரியைத் தன் வேரைக் கொண்டே தாங்கும்.